பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிப்பது: மலையகப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலும் நகரங்களிலும் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக எழுதப்பட்டது. நோய், தூரம், பாடசாலையில் நடந்த கசப்பு, பிள்ளையின் விசேட தேவை, பெற்றோரின் சொந்த விருப்பம் என்று காரணம் எதுவாக இருந்தாலும், செய்ய வேண்டிய அலுவல்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.

வீட்டில் படிப்பிப்பதற்கான அனுமதிப் பத்திரத்தை எங்கே எடுப்பது?

அப்படி ஒரு பத்திரம் இலங்கையில் இல்லை. வீட்டுக் கல்விக்கென்று தனிப் பதிவேடோ, உரிமமோ, அதை வழங்கும் அலுவலகமோ கிடையாது. "பதிந்து தருகிறோம்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அதனால் பதிவே தேவையில்லை என்று நினைத்துவிடவும் கூடாது. பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், வலயக் கல்விப் பணிமனைக்குக் கொடுத்த கடிதம், தேசிய அடையாள அட்டை, சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பம் ஆகிய ஐந்தும் சேர்ந்ததுதான் வீட்டில் படிக்கும் பிள்ளையின் பதிவு. இதில் ஒன்று விடுபட்டால் பிள்ளை எந்த அலுவலகத்தின் கணக்கிலும் இல்லாமல் போய்விடும். அது தெரியவருவது பெரும்பாலும் பதினாறு வயதில், பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில்தான். அப்போது திருத்துவதற்குக் காலம் போதாது.

சட்டம் என்ன சொல்கிறது? எங்கள் மேல் வழக்கு வருமா?

1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கட்டாயக் கல்வி விதிகள் உள்ளன. 1998இலிருந்து 5 முதல் 14 வயது வரை கல்வி கட்டாயமாக இருந்தது. 2016இல் மேல் வயது 16 ஆக்கப்பட்டது. இந்த வயதில் பிள்ளை பாடசாலையில் இல்லை என்றால், ஏன் இல்லை, அதற்குப் பதில் என்ன கல்வி நடக்கிறது என்று காட்டும் பொறுப்பு பெற்றோருடையது. எழுதி வைத்த பாடமும் கொப்பியும் இருக்கும் வீட்டுக்கும், பிள்ளை சும்மா இருக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகாரிகள் ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்வார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவோ, கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பவோ, கடையில் நிறுத்தவோ பிள்ளையை நிறுத்திவிட்டு அதற்கு "வீட்டுக் கல்வி" என்று பெயர் வைக்க முடியாது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021இலிருந்து 16. அதற்குக் கீழ்ப்பட்ட பிள்ளை வேலை செய்வதாகத் தெரிந்தால், 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு யாரும் அறிவிக்கலாம்.

யார் வந்து விசாரிப்பார்கள்? வந்தால் என்ன காட்டுவது?

கிராம சேவகர், பாடசாலை வரவுக் குழு உறுப்பினர்கள், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், கல்வி வலயத்தின் முறைசாராக் கல்விப் பிரிவு அலுவலர். இவர்களில் எவரும் வரலாம். வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, பிள்ளையின் ஆவணக் கோவையைக் கையில் கொடுங்கள். முதற்பக்கத்தில் பிறப்புச் சான்றிதழின் பிரதி, அடுத்து விடுகைப் பத்திரம், அடுத்து வலயத்துக்கு எழுதிய கடிதத்தின் முத்திரையிட்ட பிரதி, அதற்குப் பிறகு பாட நேரசூசி, கடைசி மூன்று மாதத்து வேலைத் தாள்கள் என்று அடுக்கியிருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

வந்தவரின் பெயர், பதவி, திகதி, என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் வேறொருவர் வரும்போது அந்தக் குறிப்பு உதவும்.

பிள்ளை இப்போது பாடசாலையில் படிக்கிறது. எப்படி விலக்குவது?

சும்மா அனுப்பாமல் விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் மிகப் பெரிய பிழை. வரவு இடாப்பில் பிள்ளையின் பெயருக்கு நேரே வரவின்மை விழுந்துகொண்டே போகும். பாடசாலை அந்தப் பிள்ளையை இடைவிலகியவர் பட்டியலில் சேர்க்கும். நாலு வருடம் கழித்து விடுகைப் பத்திரம் கேட்டுப் போனால், அதிபரும் மாறியிருப்பார், பழைய இடாப்பைத் தேடி எடுப்பதே பெரிய பாடாகிவிடும்.

முதலில் வகுப்பாசிரியரையும் அதிபரையும் நேரில் சந்தியுங்கள். காரணத்தைச் சொல்லி, பாடசாலையை விட்டு விலக்குவதாகக் கையெழுத்திட்ட கடிதம் கொடுங்கள். விடுகைப் பத்திரத்தைக் கேட்டுப் பெறுங்கள். சேர்விலக்கம், சேர்ந்த திகதி, விலகிய திகதி, கடைசியாகச் சித்தியடைந்த தரம், பிறந்த திகதி ஆகிய ஐந்தும் சரியா என்று பாடசாலை வாசலைத் தாண்டுவதற்கு முன்னரே பாருங்கள். தேர்ச்சி அறிக்கைகளையும் கேளுங்கள். பாடசாலை நூலகப் புத்தகம் ஏதும் திருப்பிக் கொடுக்காமல் இருந்தால் பத்திரம் தாமதமாகும், அதையும் முடித்துவிட்டுப் போங்கள்.

பிறகு வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம். பிள்ளையின் முழுப் பெயர், பிறந்த திகதி, விலகிய பாடசாலை, காரணம், வீட்டில் எந்தப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறீர்கள், யார் படிப்பிக்கிறார்கள், எந்த வருடம் சாதாரண தரம் எழுத உத்தேசம் என்று எழுதினால் போதும். நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த என்று ஐந்து வலயங்கள் உள்ளன. எது உங்களுடையது என்பதை பாடசாலையிலேயே கேட்டுக்கொள்ளலாம். இரண்டு பிரதி கொண்டு போய், ஒன்றைக் கொடுத்து மற்றதில் திகதி முத்திரை வாங்குங்கள். நேரில் போக முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு ஒட்டிவையுங்கள். அனுமதி என்று பதில் வராமலும் போகலாம். நீங்கள் மறைக்கவில்லை என்பதற்கு அந்த முத்திரையே சாட்சி.

நோய்தான் காரணம் என்றால் விலக்க அவசரப்பட வேண்டாம். அரச வைத்தியசாலையின் மருத்துவச் சான்றிதழோடு பெயரைப் பாடசாலையில் வைத்துக்கொண்டே வீட்டில் படிப்பிக்க முடியுமா என்று அதிபரிடம் பேசுங்கள். ஆறு மாதத்தில் தேறும் பிள்ளைக்கு விடுகைப் பத்திரம் எடுப்பது வீண் சிரமம்.

இன்னும் ஒரு பாடசாலையிலும் சேர்க்கவில்லை. பிள்ளைக்கு ஐந்து வயது.

ஜனவரி 31ஆம் திகதிக்கு 5 வயது பூர்த்தியான பிள்ளையைத் தரம் 1இல் சேர்ப்பது முறை. ஒரு தரமாவது சேர்ந்து சேர்விலக்கம் பெற்ற பிள்ளைக்குப் பின்னால் எந்த அலுவலகத்திலும் கதவு எளிதாகத் திறக்கும். ஒருபோதும் சேராத பிள்ளைக்கு எல்லாவற்றையும் பிறப்புச் சான்றிதழை மட்டும் வைத்தே நிரூபிக்க வேண்டிவரும். நடக்கிற தூரத்தில் தோட்டப் பாடசாலை இருந்து, பிள்ளைக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால், தரம் 1, 2ஐ அங்கேயே முடிப்பதுதான் நல்லது.

பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருக்கிறது. இது பெரிய விஷயமா?

மலையகத்தில் இதுதான் மிகப் பெரிய விஷயம். பதிவாளர் சிங்களத்தில் எழுதியதும், பாடசாலை தமிழில் எழுதியதும், அடையாள அட்டைக்கு ஆங்கில எழுத்தில் எழுதுவதும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். புஷ்பராணி புஸ்பராணி ஆகும். தகப்பன் பெயர் ஒரு பத்திரத்தில் முன்னெழுத்தாகவும் இன்னொன்றில் முழுப் பெயராகவும் நிற்கும். பாடசாலைப் பிள்ளைக்கு இந்தப் பிழையை அதிபரின் அலுவலகம் கவனித்துக்கொள்ளும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அதைக் கவனிக்க உங்களைத் தவிர ஆளில்லை.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கையிலுள்ள ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், தாய் பெயர் எப்படி இருக்கின்றன என்று எழுத்துக்கு எழுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். வேறுபாடு உடனே கண்ணில் படும். திருத்தம் பிறப்புச் சான்றிதழில் தேவை என்றால் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். விடுகைப் பத்திரத்தில் பிழை என்றால் அதை எழுதிய பாடசாலைதான் திருத்த வேண்டும். சின்னப் பிழைதானே என்று விட்டால், பரீட்சைச் சான்றிதழ் அந்தப் பிழையோடு அச்சாகி வரும். பிறகு கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, வேலை என்று ஒவ்வோர் இடத்திலும் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

பிறப்பே பதியப்படவில்லை என்றால், பிறந்து மூன்று மாதம் கடந்த பிறகு செய்வது காலம் கடந்த பதிவு. குழந்தை பிறந்த வைத்தியசாலையின் குறிப்பு, தோட்டத்துப் பதிவுகள், தடுப்பூசி அட்டை, ஞானஸ்நானச் சான்றிதழ் என்று கையில் கிடைக்கும் சான்றுகளை எல்லாம் சேர்த்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். இதற்குப் பல மாதங்கள் போகலாம். பிள்ளைக்குப் பத்து வயதாவதற்குள் தொடங்கிவிட வேண்டும்.

பாடப் புத்தகங்கள் எப்படிக் கிடைக்கும்?

பாடசாலைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் இலவசம், பாடசாலை ஊடாகத்தான் வரும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் விற்பனை நிலையத்தில் வாங்கலாம், அல்லது அதன் இணையத்தளத்தில் அதே புத்தகங்களைத் தமிழ் மொழிமூலத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் கிடைக்கும். பலர் ஆசிரியர் வழிகாட்டியைப் பார்ப்பதே இல்லை. ஆனால் வீட்டில் படிப்பிப்பவருக்குப் பாடப் புத்தகத்தைவிட அதுதான் கூடுதலாக உதவும். எந்தப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை, எந்தச் செயற்பாடு, எதை மதிப்பிட வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் உள்ளன. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் பயிற்சிகளும் காணொளிகளும் இருக்கின்றன.

லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சிக்னல் கிடைக்காத இடங்கள் நிறைய. நகரத்துக்குப் போகும் நாளில் ஒரு தவணைக்குத் தேவையான அத்தியாயங்களை ஒரேயடியாகத் தரவிறக்கி வாருங்கள். எல்லாவற்றையும் அச்சிடத் தேவையில்லை. கணிதப் பயிற்சிப் பக்கங்களை மட்டும் போட்டோ கொப்பி எடுத்தால் போதும், மற்றவற்றைப் போனில் படிக்கலாம். பாடத்திட்டம் மாறிவரும் காலம் இது. அண்ணனுடைய பழைய புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன், அதன் பதிப்பு ஆண்டையும் இப்போதைய பாடத்திட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் படிப்பிக்க வேண்டும்? நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம்.

முப்பது நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் போகும் நேரம் வீட்டில் தேவைப்படாது. தரம் 1, 2க்கு இரண்டு மணித்தியாலம், தரம் 3 முதல் 5 வரை மூன்று, தரம் 6 முதல் 9 வரை நாலு, சாதாரண தர வகுப்புகளுக்கு ஐந்து முதல் ஆறு. சின்னப் பிள்ளைக்கு ஒரு இருப்பில் 25 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் அம்மாவுக்குக் காலையில் நேரமே இருக்காது. ஆறரைக்கு முன் ஒரு அரை மணி நேரத்தை மனக்கணக்குக்கும் வாசிப்புக்கும் வைத்து, பகலில் பிள்ளை தனியாகச் செய்யக்கூடிய எழுத்து வேலையைக் கொப்பியில் குறித்துக் கொடுத்து, புதிய பாடத்தை மாலையில் சொல்லிக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். பகலில் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையை நாள் முழுக்க லயத்தில் தனியாக விட்டுவிட்டு மாலையில் மட்டும் படிப்பிப்பது கல்வியும் அல்ல, பாதுகாப்பும் அல்ல. அந்த நிலை என்றால் பாடசாலைக்கு அனுப்புவதே பிள்ளைக்கு நல்லது.

வாரத்துக்கு ஐந்து நாள் என்று பிடிவாதமாக இருங்கள். தடுமாற்றம் வருவது கிட்டத்தட்ட எப்போதும் ஒரே மாதிரித்தான். முதல் மாதம் ஏழு பாடமும் நேரசூசிப்படி நடக்கும். மூன்றாவது மாதம் தமிழும் சமயமும் மட்டும் மிஞ்சும். கணிதமும் ஆங்கிலமும் கடினம் என்பதால் நழுவிவிடும். இந்த இரண்டையும் நாளின் முதல் பாடங்களாக வையுங்கள்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். எனக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்க முடியுமா?

தரம் 5 வரை நிச்சயமாக முடியும், அதுவும் கையிலிருக்கும் கணக்கை வைத்தே. தேயிலைக் கொழுந்து நிறுத்த துண்டுச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் 7.5 கிலோ, பகலில் 6.25, மாலையில் 5.75. கூட்டினால் 19.5. தசமப் புள்ளியை நேருக்கு நேர் வைத்து எழுதாவிட்டால் பிள்ளை பிழை விடும் இடம் இதுதான். ஒவ்வொரு நிறுவைக்கும் சாக்குக்கென்று ஒரு கிலோ கழித்தால் மிச்சம் 16.5. கழித்தது மொத்தத்தில் நூற்றுக்கு எத்தனை? 3ஐ 19.5ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 15க்குக் கொஞ்சம் மேலே வரும். அதே துண்டில் கூட்டலும், தசமமும், மேல் வகுப்புகளின் சதவீதமும் இருக்கின்றன. அம்மாவின் உழைப்பில் எவ்வளவு கழிபடுகிறது என்பதையும் பிள்ளை கணக்கிட்டுத் தெரிந்துகொள்ளும்.

தரம் 7க்கு மேல் அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் வரும்போது தனியாக இழுக்காதீர்கள். தோட்டத்தில் உயர்தரம் முடித்துவிட்டு இருக்கும் ஒரு தம்பியையோ தங்கச்சியையோ வாரத்துக்கு இரண்டு நாள் வரச் சொல்லி, நியாயமான சம்பளம் பேசிக் கொடுங்கள். நகரத்து டியூஷன் வகுப்புக்கு அனுப்புவதாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையின் கொப்பியை நீங்களே புரட்டிப் பாருங்கள். கரும்பலகையில் உள்ளதைப் பார்த்தெழுதியது மட்டும் நிறைந்து, பிள்ளை தானாகச் செய்த கணக்கு ஒன்றும் இல்லை என்றால் வகுப்பை மாற்றுங்கள்.

சிங்களம் தேவையா?

தேவை. பேச்சுச் சிங்களம் நம் பிள்ளைகளுக்குக் கடையிலும் பஸ்ஸிலும் வந்துவிடும், எழுத்துத்தான் வராது. அலுவலகப் படிவம் வாசிக்கத் தெரியாமல் அடுத்தவர் கையை எதிர்பார்க்கும் நிலை நம் தலைமுறையோடு போகட்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் எழுத்தும் வாசிப்புமாகப் போதும். சாதாரண தரத்தில் இரண்டாம் மொழிச் சிங்களத்தை ஒரு பாடமாகவும் எடுக்கலாம்.

என்ன பதிவுகளை வைத்திருக்க வேண்டும்?

ஒரு தடித்த கொப்பி நாட்குறிப்பாக. திகதி, பாடம், புத்தகத்தின் பக்க இலக்கம், பிள்ளை பிழை விட்ட இடம் என்று ஒரு நாளுக்கு நாலு வரி. "இன்று கணிதம் படித்தோம்" என்று எழுதுவதில் பயனில்லை. "பக்கம் 64, பின்னக் கழித்தல், பகுதியெண் வேறுபடும்போது பிழை" என்று எழுதினால் அடுத்த வாரம் எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும், பார்க்க வருபவருக்கும் நம்பிக்கை வரும். தவணைக்கு ஒருமுறை ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வினாத்தாள் வைத்து, திருத்திய விடைத்தாளைத் திகதியோடு கோவையில் போடுங்கள். பக்கத்துப் பாடசாலையின் தவணைப் பரீட்சை வினாத்தாளை முடிந்தபின் வாங்கிச் செய்வித்தால், பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட எங்கே நிற்கிறது என்பதும் தெரியும்.

மழைக்காலத்தில் லயத்துச் சுவரோரம் வைத்த கடதாசி ஒரே மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மூல ஆவணங்களை மூடும் பிளாஸ்டிக் உறையில் இட்டு, சுவரைத் தொடாத உயரமான இடத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். மண்சரிவு அபாயம் உள்ள தோட்டமென்றால் அந்த உறை கதவருகிலேயே இருக்கட்டும்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதலாமா?

எழுத முடியாது. அதற்குப் பாடசாலை ஊடாகவே விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பரீட்சை முக்கியம் என்று நினைக்கும் குடும்பம் தரம் 5 முடியும்வரை பிள்ளையைப் பாடசாலையில் வைத்திருப்பதே வழி.

சாதாரண தரம் எழுதுவது எப்படி?

தனிப்பட்ட பரீட்சார்த்தியாக. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதிபர் விண்ணப்பிப்பார். வீட்டில் படித்த பிள்ளை பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம் ஊடாகத் தானே விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் செலுத்த வேண்டும். விண்ணப்பம் கோரும் அறிவித்தல் பத்திரிகையிலும் திணைக்களத் தளத்திலும் வரும். அதற்குக் கொடுக்கும் காலம் சில வாரங்கள்தான். அண்மைய ஆண்டுகளில் பரீட்சை மாதமே மாறி மாறி வந்திருப்பதால், "போன வருடம் இந்த மாதம்தானே கேட்டார்கள்" என்ற கணக்கு உதவாது. முந்தைய பெறுபேறு வெளியானதிலிருந்தே வாரத்துக்கு ஒருமுறை தளத்தைப் பாருங்கள், சந்தேகம் என்றால் திணைக்களத்தின் 1911 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

நகரத்துக் கொமியூனிகேஷன் கடைகளில் விண்ணப்பம் போட்டுத் தருவார்கள். கடைக்காரர் பெயரைக் கேட்டு அவருடைய எழுத்துக்கூட்டலில் அடித்துவிடுவதுதான் அங்கே நடக்கும் பிழை. அடையாள அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக நீங்களே சரிபாருங்கள். மொழிமூலம் தமிழ் என்று இருக்கிறதா, பாட இலக்கங்கள் சரியா, பரீட்சை நகரம் நீங்கள் போய்வரக்கூடியதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பச் சொல்ல வேண்டும். அனுப்பிய விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியும் கட்டணப் பற்றுச்சீட்டும் கையில் இல்லாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள்.

அனுமதி அட்டை வந்ததும் பெயர், பாடங்கள், நிலையம் பாருங்கள். பிழை இருந்தால் அன்றைக்கே திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அட்டையில் பிள்ளையின் கையொப்பத்தைச் சமாதான நீதவான், பாடசாலை அதிபர், சட்டத்தரணி போன்ற ஒருவர் அத்தாட்சிப்படுத்த வேண்டும். பரீட்சைக்கு முதல் நாள் நிலையத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தோட்டத்திலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு, பனியிலும் மழையிலும் அது வருமா என்பதையும் யோசியுங்கள். வராது என்றால் பரீட்சை நாட்களுக்கு நகரத்தில் உறவினர் வீடு ஒன்றைப் பேசிவைப்பது நல்லது.

எந்தப் பாடங்கள்? ஒன்பதையும் ஒரே தடவையில் எழுத வேண்டுமா?

சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் மையப் பாடங்கள். மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாக மூன்று பாடங்கள் தெரியலாம். சங்கீதம், நடனம், நாடகம் மூன்றுக்கும் செய்முறைப் பரீட்சை உண்டு, ஆசான் இல்லாமல் வீட்டிலிருந்து அதைச் செய்வது கடினம். இவை உள்ள இரண்டாம் தொகுதியில் தமிழ் இலக்கிய நயம் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வசதியானது. முதல் தொகுதியில் புவியியல் அல்லது குடியுரிமைக் கல்வி, மூன்றாவதில் சுகாதாரமும் உடற்கல்வியும் அல்லது விவசாயம். கணினியும் கற்பிக்க ஆளும் இருந்தால் மட்டும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்.

தனிப்பட்ட பரீட்சார்த்தி குறைந்த பாடங்களையும் எழுதலாம். ஆனாலும் கவனம் தேவை. உயர்தரத்துக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது முதல் மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடச் சித்தி, அதில் மூன்று திறமைச் சித்தி. அரச வேலை அறிவித்தல்களில் "ஒரே தடவையில்" அல்லது "இரண்டு தடவைகளுக்கு மேற்படாமல்" என்ற நிபந்தனை அடிக்கடி வரும். துண்டு துண்டாக எழுதி முடித்தவருக்கு அங்கே தடை. ஒரு வருடம் பிந்தினாலும் பரவாயில்லை, ஒன்பதையும் சேர்த்து எழுதுவதே நல்லது.

கணிதத்தில் முதலாம் வினாத்தாளைப் பிள்ளைகள் அலட்சியம் செய்கிறார்கள். அதில் பகுதி அ 25 சிறு வினாக்கள், பகுதி ஆ 5 வினாக்கள், இரண்டு மணித்தியாலம். சித்திக்கு வேண்டிய 35 புள்ளியில் பெரும் பங்கை இந்தத் தாளிலேயே திரட்டலாம். கடந்தகால வினாத்தாள் பத்தை நேரம் வைத்துச் செய்வியுங்கள். மணிக்கூடு இல்லாமல் வீட்டில் ஆற அமரச் செய்து பழகிய பிள்ளை மண்டபத்தில் பாதி வினாவோடு நின்றுவிடும். வீட்டுக் கல்வியில் வளர்ந்தவர்களிடம் அதிகம் காணும் குறை அறிவு அல்ல, வேகம்.

அடையாள அட்டைக்கு எப்போது விண்ணப்பிப்பது?

15 வயது நிறைந்த அன்றே. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதிபர் உறுதிப்படுத்துவார். மற்றவர்கள் கிராம சேவகர் ஊடாகவும், தோட்டத்தில் வசிப்பவர்கள் தோட்ட அத்தியட்சகர் ஊடாகவும் விண்ணப்பிக்கலாம். புகைப்படத்தை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு பெற்ற ஸ்டூடியோவில் எடுத்து, அவர்கள் தரும் பற்றுச்சீட்டை விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும். சாதாரணக் கடையில் எடுத்த படம் செல்லாது. பரீட்சை நெருங்கியும் அட்டை வராவிட்டால், அடையாளத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தை ஆட்பதிவுத் திணைக்களத்திடம் கேளுங்கள்.

தோட்டத்து முகவரிக்குக் கடிதம் வந்து சேருமா?

லயத்துக் கதவிலக்கத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. தோட்டக் காரியாலயத்துக்கு வந்த கடிதம் அங்கேயே நாட்கணக்கில் கிடக்கும். பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த அனுமதி அட்டைகள் மலையகத்தில் புதிதல்ல. முடிந்தால் நகரத்தில் நம்பகமான கடை அல்லது உறவினர் வீட்டு முகவரியைக் கொடுங்கள். அது முடியாவிட்டால், தபால் எதிர்பார்க்கும் வாரங்களில் காரியாலயத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். திணைக்களத் தளத்தில் அனுமதி அட்டையைத் தரவிறக்கும் வசதி தரப்படும்போது கடிதத்துக்குக் காத்திராமல் எடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த போன் இலக்கத்தை முடிவு வரும்வரை மாற்றாதீர்கள்.

பிள்ளைக்குப் பார்வைக் குறைபாடு, அல்லது எழுத முடியாத நிலை. பரீட்சையில் சலுகை உண்டா?

மேலதிக நேரம், எழுத்தாளர், பெரிய எழுத்து வினாத்தாள் போன்றவற்றுக்குப் பரீட்சைத் திணைக்களத்திடம் முன்கூட்டியே, விசேட வைத்திய நிபுணரின் அறிக்கையோடு கேட்க வேண்டும். அந்த அறிக்கையைப் பெற நுவரெலியா, பதுளை அல்லது கண்டி வைத்தியசாலையில் பல மாதம் கிளினிக் காத்திருப்பு இருக்கும். பரீட்சைக்கு ஒரு வருடம் இருக்கும்போதே தொடங்குங்கள். வீட்டில் முழுதாக வைத்திருப்பதற்கு முன், உங்கள் வலயத்தில் விசேட கல்வி அலகு உள்ள பாடசாலை எது என்றும் விசாரியுங்கள்.

லண்டன் பாடத்திட்டத்தில் படிப்பிக்கலாமா?

முடியும். பிரிட்டிஷ் கவுன்சில் ஊடாகத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம், கண்டியிலும் அதற்கு அலுவலகம் உண்டு. கட்டணம் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி, உள்ளூர்ப் பரீட்சையோடு ஒப்பிடவே முடியாத அளவு கூடியது. அதைவிட முக்கியமானது, அரச பல்கலைக்கழகத்துக்கான பொது வழி உள்ளூர் உயர்தரத்தின் இசட் புள்ளிதான். லண்டன் உயர்தரம் எழுதியவருக்கு அந்த வழி பொதுவாகத் திறக்காது. வெளிநாட்டுப் படிப்புக்கோ தனியார் பட்டத்துக்கோ பணம் உறுதியாக இல்லாத குடும்பம் இந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

மீண்டும் பாடசாலையில் சேர்க்க நினைத்தால்?

விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், நீங்கள் வைத்த நாட்குறிப்பு, தவணை விடைத்தாள்கள் ஆகியவற்றோடு அதிபரைச் சந்தியுங்கள். வயதுக்கேற்ற தரத்தில் சேர்க்கக் கேளுங்கள். சிறு பரீட்சை வைக்கலாம், அதில் பின்தங்கினால் ஒரு தரம் கீழே போடுவதாகச் சொல்லலாம். மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்டு, கோட்டக் கல்வி அலுவலகத்துக்கும் வலயத்துக்கும் போங்கள். தவணை தொடங்கும் வாரத்தில் போவது நடுவில் போவதைவிட எளிது. தரம் 10இன் நடுவுக்குப் பிறகு மாற்றுவது பிள்ளைக்குக் கஷ்டம், பாடத் தொகுதிகள் ஒத்துவராது.

பிள்ளைக்கு 15 வயது, ஏற்கெனவே இரண்டு வருடம் இடைவிலகிவிட்டது. இனி என்ன செய்யலாம்?

வலயத்தின் முறைசாராக் கல்விப் பிரிவை முதலில் பாருங்கள். இடைவிலகிய பிள்ளைகளுக்கான வகுப்புகளும் தொழில்முறைப் பயிற்சிகளும் அவர்கள் பொறுப்பில் உள்ளன. தேசிய கல்வி நிறுவகத்தின் திறந்த பாடசாலைத் திட்டமும் பாடசாலைக்கு வெளியே உள்ளவர்களுக்கென்றே ஏற்பட்டது. தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும், நைட்டா என்னும் அரச பயிலுனர் பயிற்சி நிறுவனத்திலும் சில பயிற்சிகளுக்குச் சாதாரண தரச் சித்தி கேட்பதில்லை. தேசிய தொழில் தகைமை 4ஆம் மட்டம் வரை போனவர் அங்கிருந்து டிப்ளோமா மட்டத்துக்கு ஏறலாம். மின்னிணைப்பு, மோட்டார் திருத்தல், தையல், சமையல் என்று பிள்ளையின் கை எதில் ஓடுகிறதோ அதைப் பாருங்கள்.

அதோடு தமிழ், கணிதம் இரண்டையும் வீட்டில் விடாதீர்கள். தரம் 6 புத்தகத்திலிருந்து தொடங்கி ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் வீதம் போனால், இரண்டரை, மூன்று வருடத்தில் சாதாரண தரத்துக்கு உட்காரும் நிலை வரும். 18 ஆனதும் திறந்த பல்கலைக்கழகத்தின் அடிப்படைப் பாடநெறிகளையும் கேட்டுப் பாருங்கள், அதன் பிராந்திய நிலையம் கண்டியில் உள்ளது. அங்கும் முதலில் கேட்பது பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும்தான்.